மரவள்ளிப் பசையில் ஒட்டிய உலகம்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், எனக்கு நல்ல பெயர் தராததையும் சேர்த்து.

அம்மா மரவள்ளி மாவில் பசை காய்ச்சுகிறாள். குண்டு போடும் விமானங்கள் வரத் தொடங்கியதிலிருந்து, விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாதபடி சன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டவேண்டும் என்று உத்தரவு. அந்தப் புளித்த வாசனை வந்ததும், தோழி, நீ பசை விரலை நக்கியபடி எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துத் தலை நிமிர்ந்தேன்.

"ஒட்டுறதுக்குக் கொஞ்சம் மிச்சம் வைடி" என்று, நாம் உலகப் படம் ஒட்டிய அன்று உன்னைத் திட்டினேன். உனக்குப் பசி என்று எனக்குத் தெரியும். நம் பிரிக்பீல்ட்ஸ் வரிசை வீடுகளில் எல்லோருக்கும்தான் பசி.

எல்லாம் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தால் வந்தது. சுற்றியிருந்தது ஏதோ பழைய ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு தாள். உலகத்து நிலங்களெல்லாம் ஒரு காலத்தில் ஒன்றாகக் கிடந்தன, பிறகு பிரிந்தன, இன்னமும் மிக மிக மெதுவாக நகர்கின்றன என்று ஓர் அறிஞர் சொல்வதாகவும், மற்றவர்கள் அதை ஏற்கவில்லை என்றும் அதில் இருந்தது. எது எந்தத் திசையில் நகர்கிறது என்று சொல்லவந்த இடத்தில் தாள் முடிந்துவிட்டது. இருவரும் கடைக்கு ஓடினோம். கடைக்கார அண்ணன் சிரித்தார். "மீதிக் கதை நேத்தே நெத்திலியோட செந்தூலுக்குப் போயிருச்சு, தங்கச்சி."

புத்தகத்தின் மூலையைக்கூட மடிக்காத நான், என் நிலப்படப் புத்தகத்தைக் கத்தரித்தேன். தென் அமெரிக்காவின் தோள் ஆப்பிரிக்காவின் வளைவில் அப்படியே பொருந்தியது. அடுத்து இந்தியாவை வெட்டி ஆப்பிரிக்காவின் கிழக்கோரத்தில் ஒட்டினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"எங்கம்மாவ எங்கடி கொண்டு போயி ஒட்டுற?"

உன் அம்மா, தன் தம்பி கல்யாணத்துக்கென்று உன்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டு நாகப்பட்டினம் போனவர். போர் வந்தது, கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. கிள்ளான் துறைமுகத்தில் வழியனுப்பியபோது அழவே இல்லை என்று நீ பெருமையாகச் சொல்வாய்.

அந்தத் துண்டைப் பிய்த்து மலாயாவின் பக்கத்தில் வைத்தாய். தப்பு என்று நான் பிடுங்கி, பழைய இடத்திலேயே மறுபடி ஒட்டினேன். அப்போதுதான் கேட்டாய், அது நம் பக்கம் வருகிறதா, விலகிப் போகிறதா என்று. தெரியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எப்படியானாலும் நம் ஆயுளில் ஒரு வீட்டுத் தூரம்கூட நகராது என்றும் சொன்னேன். நீ பசைக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாய்.

இரண்டு வாரம் நாம் பேசவில்லை. பிறகு உன் அத்தை வந்து கூப்பிட்டார். உனக்கு மலேரியாக் காய்ச்சல், அதற்கான கொயினா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. உன் உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டாய்.

"வருதா, போகுதா?"

"வருது."

"அந்தத் தாள் கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு."

"மெதுவாவே வரட்டும்," என்று கண்ணை மூடிக்கொண்டாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

தாள் கிடைக்கவில்லை. நீ நம்பினாயா, என் முகத்துக்காக ஒப்புக்கொண்டாயா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

இன்று அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். கரப்பான்கள் பசையை வழித்துத் தின்றிருக்கின்றன. மயில்துத்தம் கலக்காமல் காய்ச்சினால் அப்படித்தான் என்கிறாள் அம்மா. கண்டங்கள் எல்லாம் கழன்று கிடந்தன. இந்தியாவின் ஓரத்தில் நீ பிய்த்தபோது பதிந்த நகத்தடம் மட்டும் இருக்கிறது.

அம்மாவிடம் மீதிப் பசை வாங்கி, நீ வைத்த இடத்திலேயே, மலாயாவின் பக்கத்தில் அதை ஒட்டினேன். சரியா தப்பா என்று சொல்ல என்னிடம் அந்தத் தாளின் மீதி இல்லை. மறுபடி கப்பல் ஓடத் தொடங்கியதும் உன் அம்மா வருவார். கிள்ளானில் இறங்கி முதலில் உன்னைத்தான் கேட்பார். உன் அத்தையால் சொல்ல முடியாது, நான்தான் சொல்லவேண்டும். அன்று உன்னிடம் சொன்னதுபோல அவரிடம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கறுப்புத் தாள் ஒட்டியாயிற்று. அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.