மூன்றாவது ஓலைக்கு முன்

என் அன்பு ஞானம்மாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. யுத்தம் முடிந்தும் மண்ணெண்ணெய் இன்னும் ரேஷன்தான். அது கிடக்கட்டும். இன்றைக்கு உன்னிடம் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். நேரில் சொல்லியிருந்தால் ஒரு வாரம் சோறு போட்டிருக்க மாட்டாய்.

நம் எஸ்தருக்குக் கல்யாணம் பேசியிருக்கிறேன். மாப்பிள்ளை ராஜபாளையம் மில்லில் கிளார்க், நல்ல பையன். கோவிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. 'இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்வோர் உண்டா' என்று போதகர் கேட்டார், யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது, கடைசி ஓலை வரும் ஞாயிறு. அவளுடைய ஞானஸ்நானச் சீட்டைத் தேடி டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது, இருபத்தோரு வயதில் நான் எழுதிய நாட்குறிப்பு நோட்டு கிடைத்தது.

நம்முடைய முதல் ஓலை ஞாபகம் இருக்கிறதா? தடை உண்டா என்று போதகர் கேட்டு நிறுத்தியதும், நான் சத்தமாக "ஆமென்" என்றேன். கோவிலே சிரித்தது. "அம்புட்டு அவசரம் அவியளுக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். நானும் மீசையைத் தடவிக்கொள்வேன்.

நோட்டில் உண்மை இருக்கிறது. 'ஆண்டவரே, இந்தக் கல்யாணத்தை எப்படியாவது நிறுத்தும், நான் ரங்கூனுக்குக் கப்பலேற வேண்டும்' என்று கண்ணை மூடி மன்றாடிக்கொண்டிருந்தேன். அந்த ஜெபத்தை முடித்த ஆமென்தான் வாய்தவறி வெளியே வந்துவிட்டது. நல்லவேளை, ஆண்டவர் காது கொடுக்கவில்லை. உன்னோடு வாழ்ந்த வாழ்க்கைக்கு ரங்கூன் எந்த மூலைக்கு?

ஓலை வாசித்த நாளிலிருந்து எஸ்தர் முகம் வாடிக் கிடந்தது. கொஞ்சம் சிரிக்கட்டும் என்று நோட்டை அவளிடம் கொடுத்தேன். சிரிக்கத்தான் செய்தாள். பிறகு மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் ஒங்க பயத்தத்தாம்ப்பா எழுதியிருக்கீக. அம்மாவுக்கு இஷ்டமான்னு ஒரு வரி இல்லையே."

எனக்குச் சுருக்கென்றது. முதல் பக்கத்திலிருந்து திரும்பப் புரட்டினேன். இல்லை. அதற்குப் பிறகு இத்தனை வருடத்திலும் நான் கேட்கவில்லையே, ஞானம்மா. உனக்கு என்னைப் பிடித்திருந்ததா? நீயும் வேறு எதற்காவது ஆசைப்பட்டிருந்தாயா?

"ஒன்னையும் நான் கேக்கலையேம்மா. இப்பக் கேக்கேன், சொல்லு" என்றேன்.

"வாத்தியார் ட்ரெயினிங் இன்னும் ஒரு வருசம் கெடக்குப்பா. முடிச்சிட்டுக் கட்டிக்கிறேன். அவிய காத்திருந்தாச் சரி. இல்லன்னா வேண்டாம்" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் படிப்பை நிறுத்தச் சொன்னபோது தலையாட்டியவன் நான்தான்.

நாளைக் காலை முதல் வேலையாகப் போதகரைப் பார்த்து, மூன்றாவது ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்லப் போகிறேன். அங்கிருந்து அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்கு. பெண்ணைப் பெற்றவனே ஓலையை நிறுத்தினால் ஊர் என்னவெல்லாம் கதை கட்டும் என்று உனக்குத் தெரியும். கட்டட்டும்.

உன் பதில் இனி எனக்குக் கிடைக்காது. அவள் பதில் கிடைத்துவிட்டது. அதை யார் முன்னாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன்,
எஸ்தர் அப்பா
ஸ்ரீவில்லிபுத்தூர்