தேனீக்கள் செத்த காரணம்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், கொஞ்சம் அசதிதான்.

தேனீ நோய்ப் பரிசோதனைக்காக நான் போன காஹாங் ஊரில், ஐயாசாமி அண்ணனின் தேனீக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து வசந்தன் அடித்த மருந்துதான் காரணமென்று அண்ணன் அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார். நான் செத்த தேனீக்களின் குடலை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அரிசிமணி வடிவில் ஒட்டுண்ணிகள் நிறைந்திருந்தன; கொன்றது மருந்தல்ல, இந்த நோய்தான் என்று அண்ணனிடம் சொன்னேன்.

"அலமாக்! அப்போ வசந்தன் மேல தப்பில்லையா, தங்கச்சி?" என்றவர், வேலியோரம் போய் அவரைக் கூப்பிட்டார். நோய் பிடித்த தேனடைகளை இருவரும் சேர்ந்தே எரித்தார்கள். அவர்கள் பேசிச் சிரிப்பதைக் கேட்டபடி வெகுநேரம் நின்றிருந்தேன்.

நான் அழைக்கும்போது உம்மா சமைத்துக்கொண்டிருந்தால் போனை அடுப்படியில் வைக்கச் சொல்லுங்கள். பேச வேண்டாம், சத்தம் கேட்டால் போதும்.

அடுத்த ஊருக்குப் போக ஆய்வக வேன் வந்துவிட்டது.

மகள்,
ஃபரீஹா