கிட்டாரில் பதித்த கண்ணாடி

அன்று உன்னிடம் நான் சொல்லவில்லை: உன் அம்மா தூங்கவில்லை.

இன்று காலை உன் வீட்டுக்குப் போனபோது சன்னல் திறந்திருந்தது. மூடுபனி அறைக்குள் வந்து, உன் கிட்டாரின் ஓரத்தில் திருகியிருந்த அந்தச் சின்னக் கண்ணாடியை மங்கலாக்கியிருந்தது. முந்தானையால் துடைத்தேன். உள்ளே கட்டில் தெரிந்தது. சொல்லாமல் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று வீட்டுச் சாமான்களைப் புல்வெளியில் பரப்பி விற்ற நாளில்தான் இந்தக் கிட்டார் உன்னிடம் வந்தது. நான் புத்தகம் தேடி வந்தேன். நீ கம்பளிக் கோட்டு வாங்க வந்து, பெடல் ஸ்டீல் கிட்டாரை வாங்கினாய். நான்கு கால்களில் நிற்கும் நீளப் பலகை, அதன் மேல் பத்துக் கம்பிகள், கீழே காலால் மிதிக்கும் மிதிகள். சுமந்து வந்த ஆள் பாதி வழியில் இறக்கி வைத்து, "ஏக்கா, இஸ்திரி மேசைக்கு எதுக்கு இத்தன கம்பி?" என்றார்.

"துணியக் காயப்போட்டு அங்கனயே தேய்ச்சுக்கலாம்ல, அதுக்குத்தான்" என்றாய் நீ, சிரிக்காமல். அவர் வீடு வரைக்கும் அதை நம்பினார்.

மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவள் நீ. அம்மாவுக்கு ஒரு பக்கம் விழுந்து, நினைத்த நேரத்தில் வலிப்பும் வரத் தொடங்கியதும் அதை விட்டுவிட்டாய். பள்ளியில் நம் வேலை நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மா வந்து இருப்பார். மற்ற நேரமெல்லாம் நீதான். அதன் பிறகு உன் விரல்கள் சாப்பாட்டு மேசை விளிம்பில் வாசித்துப் பழகின. பாட்டை விட்டதைவிட, அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் உனக்குக் கடினமாக இருந்தது. கட்டிலைப் பார்த்து உட்கார்ந்தால் அவர் சீறுவார்: "என்ன அப்பிடிப் பாக்குற? நான் என்ன அடுப்புல வச்ச பாலா?" பார்க்காமல் இருக்கவும் உன்னால் முடியாது.

ஓட்டல் பேண்டில் கிட்டார் வாசிப்பவர் ஒருவர் உன் கிட்டாரைச் சரிபார்க்க வந்தார். குனிந்து பார்த்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தங்கச்சி, இதுல எவனோ பைத்தியக்காரன் கைய வச்சிருக்கான். மிதிக்கெல்லாம் கம்பளித் துணி சுத்தி வச்சிருக்கான் பாருங்க. இந்த ஓரத்து மிதி ஒரு கம்பியவும் இழுக்கல. அடியில ஒரு வளையம் மட்டும் சும்மா தொங்கிட்டுக் கெடக்கு. இதுல மூஞ்சி பாக்கக் கண்ணாடி வேற! எல்லாத்தையும் கழட்டிருவோம்."

அந்தக் குடும்பமும் அதை யாரிடமோ பழையதாக வாங்கியதுதான். அவர்களுக்கும் காரணம் தெரியாது. அவர் திருப்புளியை எடுத்தார். நீ, "கொஞ்சம் இருங்கண்ணே" என்று சொல்லி முக்காலியில் உட்கார்ந்தாய். மிதிகளை மெதுவாக மிதித்துப் பார்த்தாய். சத்தமே இல்லை. ஓரத்து மிதியை மட்டும் சீராக, திரும்பத் திரும்ப மிதித்தாய். பிறகு கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாய். உனக்குப் பின்னால் இருந்த கட்டில் அதில் தெரிந்திருக்க வேண்டும்.

"பைத்தியக்காரன் இல்லண்ணே. கைப்பிள்ளைக்காரி" என்றாய். "வளையத்துல தொட்டில் கயிறு. துணி சுத்துனது, டக்குடக்குனு கேட்டுப் பிள்ளை முழிச்சிரக் கூடாதுன்னு. நேராப் பாத்தா பிள்ளை தூக்கச் சொல்லி அழும்ல? அதான் கண்ணாடி."

அவர் திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஆம்ப்ளிஃபயர் இல்லாம இது ஊமைதான், தங்கச்சி. அதையாவது வாங்கிக்கங்க."

"எனக்குக் கேட்டாப் போதும்ணே."

மனிதர்களைப் புரிந்துகொள்ள நான் எத்தனையோ நாவல்களைப் படித்திருக்கிறேன். பெயர் தெரியாத ஒரு தாயை நாலு திருகாணியிலிருந்து கண்டுபிடித்தவள் நீ. அன்று எனக்கு உன் மேல் வந்த மதிப்பு இன்றும் குறையவில்லை.

கொஞ்ச நாள் கழித்து நான் வந்தபோது, இடது கையில் இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகளின் மேல் நகர்த்தினாய். கொசு பாடுவது போலத்தான் கேட்டது. ஆனாலும் அது பாட்டு. நான் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். நீ கண்ணாடியைப் பார்த்தால் அவர் கண் மூடியிருக்கும். நீ கம்பிக்குக் குனிந்ததும் மெல்லத் திறக்கும். கண்ணாடியில் தெரிந்த உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீ நிமிர்வதற்குள் மறுபடி மூடிக்கொள்வார். நான் கவனித்ததைக் கண்டதும், அசையும் இடது கையைத் தூக்கி உதட்டில் விரல் வைத்தார்.

வாசல் வரை வந்து நீ சொன்னாய்: "நான் வாசிச்சா அம்மா நிம்மதியாத் தூங்கிர்றாங்கடி. பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்பி, "நல்லாருக்காம்மா?" என்று கேட்டிருப்பாய். யாரும் கேட்கவில்லை என்ற சுதந்திரத்தில்தான் உன் கை அப்படி ஓடியது. அதை உனக்குக் கொடுக்க அவர் தினமும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நீ அவருக்கு மறைத்து அவரைப் பார்த்தாய். அவர் உனக்கு மறைத்து உன்னைக் கேட்டார். இடையில் புகுந்து பேச எனக்கு என்ன இருந்தது?

போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து நீ போய்விட்டாய். துக்கம் கேட்க வந்த பேண்டுக்காரர் கிட்டாரைக் குனிந்து பார்த்தார். கண்ணாடித் திருகாணி ஒன்று தளர்ந்திருந்தது. அதை முடுக்கிவிட்டுப் போனார்.

இப்போது அம்மாவோடு இருக்கும் உன் அண்ணன் குடும்பம் ஞாயிறு பூசைக்குப் போகும்போது அம்மாவுக்குத் துணையாக நான் வருகிறேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. உன் முக்காலியில், கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து புத்தகம் படிக்கிறேன். பக்கம் புரட்டும்போது கண்ணாடியைப் பார்ப்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நம்பியதுபோல் நானும் குனிந்துகொள்வேன்.

இன்று அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கண்ணாடி வழியாக என்னை நேராகப் பார்த்தார்.