வழுக்கி விழவில்லை

திங்கள், ஆவணி 9
காலையிலேயே புழுக்கம். பேப்பர் கட்டு ரயிலில் அரை மணி லேட். கையெல்லாம் மை.

குணாவின் மணல் செய்தி வந்துவிட்டது. நாலாம் பக்கம், மேலே, பெரிய எழுத்து. நந்தியாற்றில் அனுமதி இல்லாமல் மணல், இறங்கிப்போன குடிதண்ணீர்க் கிணறு, மூன்று லாரி நம்பர். கீழே பேர் கிடையாது. எப்போதும் போல 'நமது நிருபர்'.

எழுதியது போட்டோ ஸ்டூடியோ குணா என்று எனக்குத் தெரியும். தினம் அவன் செய்திக் கவரை 7.40 மெட்ராஸ் பஸ் கண்டக்டர் கையில் கொடுப்பவன் நான்தானே. கவர் ஒட்டுவதற்குள் நாலு தடவை தலை சீவுவான். பின் பாக்கெட்டில் சீப்பு. கல்யாணமாகிப் பத்து வருஷம், இன்னும் அந்தக் கிராப்புக்கு எண்ணெய், தண்ணீர், கண்ணாடி.

"இன்னா நைனா, செய்தி எப்டிகீது?"

"செய்தி நல்லாத்தான்கீது. உன் போட்டோதான் போடல. கிராப்பு பக்கத்துல அடங்கலன்னு உட்டுட்டாங்க போல."

ஆறாம் பக்கத்து நாலு வரியைக் காட்டினேன். ஏதோ வெளிதேசத்தில் ஒரு நிருபரைக் காரை மறித்துச் சுட்டுவிட்டார்களாம்.

"உன் தொழில்காரன் பாரு. உன்னயும் சுட்டுடப் போறாங்க."

"நமக்குப் போய் யாரு நைனா குண்டு வேஸ்ட் பண்ணுவாங்க? ஆள் வெச்சு ரெண்டு தட்டு. அதோட சரி."

சீவிக்கொண்டே சொன்னான். சிரித்தோம்.

செவ்வாய், ஆவணி 10
முருகன் நாள், கூட்டம். நான் பேப்பர் விற்கிற திருத்தணி பஸ் ஸ்டாண்டு பூரா சந்தனம் பூசிய மொட்டைத் தலை.

டீக்கடையில் மணல் லாரி முதலாளியின் மச்சான். பேப்பரைத் தட்டித் தட்டிக் கேட்டான்.

"நமது நிருபராம். யார்ரா அது நமது நிருபர்? பேர் போட்டுக்க தைரியம் இல்லாத பையன்."

எல்லோரும் டீ கிளாசையே பார்த்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா.

"பின் பாக்கெட்ல சீப்பு வெச்சுகினு சுத்துறவனத் தேடு. கெடைப்பான்."

கடையே சிரித்தது. மச்சானும் சிரித்தான். கொஞ்சம் அதிக நேரம் சிரித்தான்.

வாங்க வேண்டியது: சணல், கோந்து, முழங்கால் தைலம்.

புதன், ஆவணி 11
காலை பத்து மணி. பட்டப்பகல். குணா ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கும்போது இரண்டு பைக்கில் நாலு பேர். இரும்புக் குழாய். தலையில் ஒன்பது தையல். வலது கையில் இரண்டு விரல் முறிவு. எழுதுகிற கை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் பெண்சாதி வசந்தா.

"அடிக்கறதுக்கு முன்னால அவரு பின்பாக்கெட்ல கை உட்டு சீப்ப எடுத்து பாத்தாங்களாம் நைனா. சீப்ப எதுக்குப் பாக்கணும்? பைத்தியமா அவனுங்களுக்கு?"

டீக்கடையில் சொன்னது என் வாய். திறக்க வேண்டாத அன்றைக்குத் திறந்த வாய்.

தைலம் வாங்கவில்லை.

வியாழன், ஆவணி 12
வசந்தாவோடு போலீஸ் ஸ்டேஷன். ரைட்டர் தலை நிமிராமல் எழுதுகிறார்.

"எங்க உழுந்தாரு?"

"உழல சார். அடிச்சாங்க."

"மலைப்படியா?"

"ஸ்டூடியோ வாசல் சார்."

"படி ஈரமா இருந்திருக்கும். வாரத்துக்கு நாலு பேர் வழுக்கறான்."

இந்த ஊரில் இது ஒரு சவுகரியம். ஸ்டேஷனுக்கு வேண்டாத மண்டை எது உடைந்தாலும் மலைப்படியில் உடைந்ததாக எழுதிவிடலாம். 365 படி இருக்கிறது, வருஷம் பூரா நாளுக்கு ஒன்று. சாமி இறங்கி வந்து சாட்சி சொல்ல மாட்டார்.

"சார், ஸ்டூடியோ வாசல்ல படியே கெடையாது. சாக்கடை மேல ஒரு கல்லுதான்கீது" என்றேன்.

"பெருசு, நீ பேப்பர் விக்கற வேலயப் பாரு."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மெட்ராஸ் ஆபீசுக்குப் பேசினேன். ஒரு அம்மா. "அவர் எங்க ஸ்டாஃப் இல்லீங்களே. பகுதிநேரம்தானே. கார்டுகூட நாங்க குடுக்கல."

எட்டு வருஷமாக 'நமது' நிருபர். மண்டை உடைந்த மறுநாள் யாருடையவனும் இல்லை.

தாலுகா ஆபீசில் சுதந்திரப் பொன்விழா சீரியல் லைட் இன்னும் கழற்றவில்லை. பகலிலும் எரிகிறது.

வெள்ளி, ஆவணி 13
கட்டைப் பிரித்தேன். அஞ்சாம் பக்கம், மூன்று வரி. திருத்தணி மலைப்படியில் வழுக்கி விழுந்து வாலிபர் காயம்.

நம்ம பேப்பரில். அவன் பேப்பரில்.

ஊர்ச் செய்தி எழுதுகிறவன் படுத்துக் கிடக்கிறான். அரக்கோணத்து நிருபர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, சொன்னதை எழுதி அனுப்பிவிட்டார். அவன் மண்டை, அவன் பேப்பர், அடித்தவன் சொன்ன கதை.

திங்கட்கிழமைப் பேப்பரைத் தேடி அந்த நாலு வரியைத் திரும்பப் படித்தேன். சுடப்பட்டவன் பேரை அவர்களும் போடவில்லை. அந்த தேசத்திலும் ஒரு ரைட்டர் தலை நிமிராமல் எழுதியிருப்பான். அங்கே என்ன மலையோ, எத்தனை படியோ. இதைப் படித்துத்தானே நான் கேலி பண்ணினேன்.

நீல பால்பாயின்ட் எடுத்தேன். 140 பேப்பர். ஒவ்வொன்றிலும் அந்த மூன்று வரிக்குப் பக்கத்தில்: 'வழுக்கி விழல. அடிச்சாங்க. ஸ்டூடியோ வாசல், புதன் காலை 10. மணல் சேதி எழுதினதுக்கு. இப்படிக்கு பேப்பர் நைனா.' நாலாங்கிளாஸ் கையெழுத்து. தொண்ணூறிலேயே பேனா தீர்ந்தது, பூத்தில் கடன் வாங்கினேன். வீடுவீடாகப் போடுகிற சைக்கிள் லைன் ஒன்றரை மணி லேட். ஒருத்தரும் திட்டவில்லை.

கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற சாமி கையில் பேப்பரோடு மலையிலிருந்தே இறங்கி வந்துவிட்டார்.

"ஈரப்படின்னா சொன்னான்? பத்து நாளா மேல தண்ணி லாரிதான் ஓய். அண்டா கழுவவே தண்ணி இல்ல. படிய எவன் கழுவறான்?"

ஆற்று மணலை அள்ளிவிட்டால் ஊற்று எங்கே ஊறும். அவர் சொன்னதையும் மீதியிருந்த ஆறு பேப்பரில் சேர்த்து எழுதினேன்.

சனி, ஆவணி 14
ஆஸ்பத்திரி. தையலுக்காக குணாவுக்கு மொட்டை போட்டிருந்தார்கள். கிராப்பு போச்சு. கேலி பண்ண எத்தனையோ இருந்தது, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"குணா, அந்தச் சீப்பு. நான்தான்டா டீக்கடைல சொன்னேன்."

"தெரியும் நைனா. அடிக்கறப்போ ஒருத்தன் சொன்னான். பேப்பர் கெழவன் சரியாத்தான் சொல்லிகீறான்னு."

"அப்போ ஏன்டா என்ன ஒண்ணும் கேக்கல?"

"உன்ன கேட்டுட்டு, கவர யார் கைல குடுக்கறது?"

வசந்தா முறைத்தாள். அவனை இல்லை, என்னை. அவன் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள். நாலு பக்கம். லாரி நம்பர், ஆள் அடையாளம், ஸ்டேஷனில் சொன்னது. முடிந்ததும் அவளே கேட்டாள்.

"கீழ இன்னா பாவா எழுதறது? நமது நிருபரா?"

"என் பேரு எழுது."

"வேணாம் பாவா."

"எழுது வசந்தா. யாருன்னுதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே."

எழுதினாள். கவர் மேலேயும் அதே பேர். அதை என் கையில் திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிறு, ஆவணி 15
லேசான தூறல், நின்றுவிட்டது. 7.20க்கு மச்சான் வந்தான். கையில் வெள்ளிக்கிழமைப் பேப்பர், நீல எழுத்தோடு.

"யார் எழுதினது இது?"

"நான்தான்."

"கெழவனுக்குக் கொழுப்பு ஏறிகினு போவுது."

"பேர் போடலன்னு அன்னிக்குக் குறைப்பட்டுகினியே. போட்டுகீறேன் பாரு, கீழ."

சிரிக்கவில்லை அவன். குனிந்து காதருகே சொன்னான். "பாத்து இரு. மலைப்படி வழுக்கும்."

"நான் மலை ஏறி ஆறு வருஷம் ஆச்சு. முழங்கால். என்ன எங்கனா சமதரையில தள்ளிக்கோ."

போகவில்லை. எதிரிலேயே நின்றான். கவர் என் தொடைக்கடியில், பேப்பர் கட்டுக்கு மேல். 7.40 பஸ் திரும்புவது தெரிந்தது. கொடுப்பதென்றால் அவன் கண்ணெதிரில் எடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் நாளைப் பேப்பரிலும் மலைப்படிதான்.

எழுந்தேன். கவர் மேல் எழுதியிருந்த குணா பேரை மச்சான் படிக்கிற மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டக்டரிடம் கொடுத்தேன். கண்டக்டர் பையில் போட்டு விசில் அடித்தார்.

பஸ் ரயில்வே கேட் தாண்டும் வரை நானும் மச்சானும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

தைலம் இன்றைக்கும் வாங்கவில்லை.