தண்டவாளத்தோடு நிற்கிறவள்

என் ரயில் மாமா,

இன்றைக்குக் காலையில் உள்ளறையிலிருந்து அந்த ரயில் ஹாரன் சத்தம் கேட்டது. அடுப்பில் இருந்த பாலை மறந்து ஓடினேன். கம்ப்யூட்டர் முன்னால், உங்கள் நாற்காலியில் நம் ரேவதி உட்கார்ந்திருந்தாள். பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

உங்களோடு இந்த ரயில் விளையாட்டு விளையாடினவர்கள், நீங்கள் அதில் கட்டின திருச்சி–ஸ்ரீரங்கம் பாதையைக் கேட்டிருக்கிறார்களாம். அனுப்புவதற்கு முன்னால் சரிபார்க்கிறாள் உங்கள் மகள்.

அப்போதெல்லாம் நீங்கள் துவாக்குடி கம்பெனியிலிருந்து பஸ்ஸில் வந்து, கைகால் கழுவி, டீயை வாங்கிக்கொண்டு இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அவ்வளவுதான். நான் அடுப்படியில், நீங்கள் காவிரிப் பாலத்தில்.

"வீட்டுல ஒருத்தி இருக்கிறது ஞாபகம் இருக்கா?" என்பேன்.

"இரு புள்ள, வண்டி பாலத்துல நிக்குது" என்பீர்கள். என்னோடு பேச வண்டி பாலத்தைத் தாண்டவேண்டும். அது தாண்டுவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஒருநாள் எட்டிப் பார்த்தால் ஸ்ரீரங்கம் பிளாட்பாரம் முழுக்க வெள்ளைக்காரிகள், தொப்பியோடு. "பெருமாளைச் சேவிக்க வந்தாளுங்களா?" என்று கேட்டேன். விளையாட்டில் வேறு பொம்மை இல்லை என்று சிரித்தீர்கள். பிறகு எங்கேயோ தேடி, சேலை கட்டின பொம்மை ஒன்று பிடித்து வந்து, "இந்தா, இது நீதான்" என்று காட்டினீர்கள். "என் மூக்கு இப்படியா இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

ஆறாம் வகுப்போடு நின்றவளுக்குப் புரிகிற மாதிரி நீங்கள் லேயரைச் சொல்லிக்கொடுத்ததும் அந்த நாட்களில்தான். "ஒண்ணு மேல ஒண்ணு விரிச்ச ஜமுக்காளம்னு வச்சுக்க. தண்டவாளம் ஒண்ணு, வீடு ஒண்ணு, மரம் ஒண்ணு, ஜனங்க ஒண்ணு. மேல இருக்கிறதை எடுத்தாலும் அடியில இருக்கிறது கலையாது." கண் படத்தைத் தொட்டால் அந்த லேயர் மறையும். பூட்டுப் படத்தைத் தொட்டால் அதில் யாரும் கை வைக்க முடியாது. தண்டவாள லேயரை மட்டும் எப்போதும் பூட்டியே வைத்திருப்பீர்கள். ஒரு இழுப்பு தவறினாலும் வண்டி கவிழுமாம்.

பாதையைக் கேட்டவர்களுடைய பழைய கம்ப்யூட்டர்கள் திணறுமென்று ரேவதி ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தாள். வீடுகள் போயின. தென்னையெல்லாம் போயிற்று. ஜனங்களும் போனார்கள். காவிரியும் பாலமும் தண்டவாளமும் மட்டும் இருந்தன. ஸ்ரீரங்கம் பிளாட்பாரக் கடைசியில் ஒருத்தி மட்டும் நின்றாள்.

"அம்மா, இது நீதானே? அப்பா தப்பா தண்டவாள லேயர்ல வச்சிட்டாரும்மா. ஜனங்களோட மாத்திடவா?"

ஆடியில் நீங்கள் போய்ச் சேர்ந்ததிலிருந்து இந்த வீட்டில் நான் இப்படித்தான் நிற்கிறேன். அதை அந்தத் திரையில் பார்க்கும்படி ஆகிவிட்டது. அழித்துவிடு, என்னால் பார்க்க முடியவில்லை என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

அதற்குள் அவளே நகர்த்தப் பார்த்தாள். நகரவில்லை.

"பூட்டியிருக்கேம்மா."

"பூட்டைத் திறக்காம அதுல ஒண்ணை வைக்க முடியுமாடி?"

"முடியாதும்மா" என்றாள். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

அப்படியே அனுப்பச் சொல்லிவிட்டேன். இனிமேல் முகம் தெரியாதவர்கள் ஓட்டுகிற வண்டியெல்லாம் என்னைத் தாண்டிப் போகும். எதிலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள். இருந்தாலும் பரவாயில்லை. எல்லாரையும் எடுத்தாலும் என்னை எடுக்கக் கூடாது என்று ஒரு சாயங்காலம் உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு மிச்சமிருப்பது அதுதான்.

ஆனால் நான் பக்கத்து அறையில்தானே இருந்தேன். பூட்டைத் திறந்து என்னை மட்டும் தண்டவாளத்தோடு மாற்றி வைத்த அன்றைக்கு, ஒரு குரல் கூப்பிட்டுக் காட்டியிருக்கக் கூடாதா, மாமா?