வசந்தாவின் இடது கை

ஜூலை 8, செவ்வாய். ஹேடோ குவார்ட்டர்ஸ்.

காலையில் மனசில் விழுந்த அடியின் வலி இன்னும் அடங்கவில்லை.

புற்றுநோய்க்காக மார்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வசந்தாவுக்கு இடது கை வீங்கியே இருக்கிறது. ஒரு வருஷமாக, டியூட்டி முடிந்து வந்ததும் நான்தான் சூடாக எண்ணெய் தடவி, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு அழுத்தித் தேய்த்துவிடுகிறேன். துறைமுக ஜெட்டியில் கப்பல் கயிறு இழுக்கிற கை என்னுடையது. "வலிக்குதா?" என்று கேட்டால், "இல்லைங்க, சுகமா இருக்கு" என்பாள்.

இன்று ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருக்கும் பிசியோதெரபி மேடம் வீங்கின கையை முதலில் தொடவே இல்லை. கழுத்தில் ஆரம்பித்தார். அப்புறம் வீக்கமில்லாத பக்கத்து வலது அக்குள். பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக. முதலில் அங்கெல்லாம் வழி திறந்துவிட்டால்தான் கையில் தேங்கின நீர் நகருமாம். கடைசியில்தான் கைக்கு வந்தார். டேப் வைத்து அளந்தால், கொஞ்சம் குறைந்தே இருந்தது. உடனே பேண்டேஜ் சுற்றினார்.

நான் வேறு பெருமையாக என் வைத்தியத்தைச் சொன்னேன். மேடம் முகம் மாறிவிட்டது. "இத்னா ஜோர் சே?" என்றார், இவ்வளவு பலமாகவா என்று. தோலுக்கு அடியில் இருக்கிற மெல்லிய குழாய்கள் அதில் நசுங்கிவிடுமாம். வீக்கம் கூடியிருக்குமாம். உயிர் போகிற மாதிரி வலித்திருக்குமாம்.

ஆட்டோவில் கேட்டேன். "வலிச்சுதா வசந்தா?"

"வலிச்சுது."

"ஏன்டி சொல்லல?"

அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்க என்னைத் தொட்டது அந்த நேரம் மட்டுந்தானே."