தொடக்கநிலையாளருக்கு ஒரு கடற்கரை

யாழ்ப்பாணம்
03.08.2024

அன்புத் தங்கச்சி றஷீதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் குடும்ப வரலாற்றில் குறிக்கப்பட வேண்டிய ஒரு முடிவை அறிவிக்கிறேன். நீண்ட ஆலோசனைக்குப் பின், மனைவி பர்ஹானாவின் எதிர்ப்பையும் மீறி, நீர்வண்ணப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன். கூடவே, தொடக்கநிலையாளருக்கு எளிய கடற்கரைக் காட்சி கற்பிக்கும் புத்தகமும்.

குற்றம் உன்னுடையது. வாப்பா உனக்கென்று கட்டிய வீடு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய். சொல்லத் தொடங்கினால் அழுது போனை வைக்கிறாய். போட்டோ என்றால், "வேணாம் நானா, தொண்ணூறில எங்கட சனத்தை வெளியேத்தினப்போ விட்டுட்டு வந்த மாதிரியே மனசில கிடக்கட்டும்" என்கிறாய். ஆகவே வரைந்து அனுப்புகிறேன்.

பர்ஹானாவின் பேச்சு மாறவில்லை. "றஷீதா பக்கத்து வீட்டுக்கு வந்தா இருப்பன். இல்லாட்டி வீடுமில்லாம ஆளுமில்லாமக் கிடக்கிற இந்த வெறும் வளவுகளுக்கு நடுவில என்னால ஏலாது, புத்தளத்துக்கே போறன்." வருட முடிவுவரை தவணை தந்திருக்கிறாள்.

அன்பு நானா,
சுஹைர்

புத்தளம்
19.08.2024

அன்புள்ள நானாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

இவ்வளவு காலம் அகதி, இப்போது ஓவியர். முன்னேற்றம்தான். "உன்ர நானா வர்ணம் வாங்கின கையோட ஒரு பை சீமெந்தும் வாங்கினாரா?" என்று என் கணவர் கேட்கிறார். இஹ்ஸானின் வாயை நீங்கள் அறிவீர்கள், கோபிக்க வேண்டாம்.

நாங்கள் இருக்கும் வாடகை வீட்டை விடச் சொல்லிவிட்டார்கள். கூரை இருந்தால் யாழ்ப்பாணம் வருவோம், கதவு யன்னலைப் பிறகு பார்க்கலாம், கூரை இல்லாவிட்டால் இங்கேயே வேறு வீடு என்பது இவருடைய கடைசிச் சொல். பர்ஹானா மச்சியைப் பொறுக்கச் சொல்லுங்கள். கடல் எங்கும் போகாது, வீட்டை வரையுங்கள்.

தங்கச்சி
றஷீதா

யாழ்ப்பாணம்
22.09.2024

அன்புத் தங்கச்சிக்கு,

படம் இத்துடன் வருகிறது. முதலில் தாளை நனைத்து வானத்தைப் பூச வேண்டும். புத்தகம் அலைகளும் கேட்கிறது; நம் ஆழமில்லாக் களப்புக் கடலில் அலை இல்லாததால் உழைப்பு மிச்சம். பெட்டியில் வெள்ளை நிறம் கிடையாது. வெளிச்சம் விழும் இடத்தில் தாளை அப்படியே விட வேண்டும். கரையின் வெறுமையும் எனக்குப் பேருதவி. சுற்றிலும் எந்த வீட்டையும் வரைய வேண்டியிருக்கவில்லை.

நீலத்தின் நடுவே கண் தங்கச் சிவப்புக் கூரை ஒன்று வேண்டும் என்கிறது புத்தகம். உன் வீடு அதற்குச் சரியான இடத்தில் நிற்கிறது. கூரை நன்றாக வந்திருக்கிறது. பர்ஹானா படத்தைப் பார்த்துவிட்டு, யன்னலால் உன் வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

நானா
சுஹைர்

புத்தளம்
14.11.2024

நானாவுக்கு,

யாழ்ப்பாணத்திலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்து சேர்ந்தோம். கதைக்க மனமில்லாததால் எழுதுகிறேன்.

உங்கள் படத்தை நம்பித்தான் வாடகை வீட்டைக் காலி செய்து திறப்பைத் திருப்பிக் கொடுத்தோம். விசாரிப்போமா என்று கேட்டேன். "உன்ர நானா கூரையைப் பொய்யா கீறுவாரா?" என்றார் இஹ்ஸான். பிறகு அந்த மழையில், வாப்பா கட்டிய வீட்டு நடுவே மெத்தைகளோடு நின்று, "மச்சான், கூரை எங்க?" என்று அவர் கேட்டபோது நீங்கள் சொன்னது காதில் நிற்கிறது. "புத்தகத்தில இருந்தது. நீங்க வந்தா எல்லாருமாச் சேர்ந்து போட்டிடலாம் எண்டு நினைச்சன்." அவர் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது அவருடைய தங்கை வீட்டுப் பின்னறையில் இருக்கிறோம். யாழ்ப்பாணம் என்ற பேச்சையே எடுக்கக்கூடாதாம். படம் நல்ல படம்தான், நானா. நான் கிழிக்கவில்லை.

நனைந்த மெத்தைகளை உங்களிடம் விட்டதால் வேனில் இடம் இருந்தது. இரண்டு நாளில் வாறன் என்று சொல்லித்தான் பர்ஹானா மச்சியும் ஏறினா. நேற்று இங்கே கிராம அலுவலரிடம் போய், தன் பெயரைப் புத்தளத்தில் பதிந்துவிட்டா.

றஷீதா